மண்ணீரல்ல ஏதோ கட்டியாமே டாக்டர்?

போன இதழ்ல கல்லீரல் பத்தி எழுதுறப்ப போற போக்குல மண்ணீரல் கட்டின்னு ஒரு வரி எழுதிட்டேன், அதைப் பிடிச்சுக்கிட்டு கடிதமும் மெயிலும் குவிஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவை முழுக்க மண்ணீரல்தான், சுகர் பிரஷர் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினவங்களோட பேரு, ஆஸ்பத்திரி பேரு எல்லாம் எடுத்துட்டுத்தான் இங்க போடுறோம். நான் ஸ்கேன் படம் படிக்கிற டாக்டர், அதனால பதில்ல படத்து வாசனை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்.

கேள்வி (வாசகி, திருப்பூர்): எனக்கு 42 வயசு டாக்டர். கம்பெனியில எல்லாருக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பண்ணாங்க. வயித்து ஸ்கேன்ல எல்லாம் நார்மல், ஆனா ஸ்ப்ளீன்ல (மண்ணீரல்ல) 2.3 செ.மீ. அளவுல ஹைப்பர்எக்கோயிக் லீஷன் (படத்துல வெளுப்பா தெரியுற கட்டி), ஹீமான்ஜியோமாவா இருக்கலாம், சிடி எடுத்துப் பாக்கவும்னு போட்டிருக்கு. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வீட்டுக்காரர் நெட்ல பாத்துட்டு ரெண்டு நாளா தூங்கல, அது வெடிச்சிரும்னு வேற போட்டிருக்காம். ஆபரேஷன் பண்ணி எடுத்துடணுமா?

பதில்: எடுக்க வேண்டாம்மா, அவசரமே இல்ல. முதல்ல உங்க வீட்டுக்காரர தூங்கச் சொல்லுங்க.

மண்ணீரல் இடது பக்கம், கடைசி விலா எலும்புகளுக்கு உள்பக்கம் ஒளிஞ்சு கிடக்குற உறுப்பு, பெரியவங்களுக்கு 11, 12 செ.மீ. நீளம், 150 கிராம் சுமார். வயசான சிவப்பணுக்களப் பிடிச்சு அழிக்கிறது, ரத்தத்துல வர்ற கிருமிய வடிகட்டுறது, இதுதான் அதோட வேலை. ரத்தக்குழாய் நிறைஞ்ச உறுப்புங்கறதால அங்க வர்ற சாதா கட்டிங்கள்ல பாதிக்கு மேல ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாத்தான் இருக்கும். அதுல ரொம்ப சகஜமானது ஹீமான்ஜியோமா. வேற காரணத்துக்காக இறந்தவங்கள அறுத்துப் பாத்த பழைய ஆய்வுகள்ல 0.03 சதவீதத்துலேர்ந்து 14 சதவீதம் வரைக்கும்னு ஆளுக்கொரு கணக்கு சொல்லியிருக்காங்க, கணக்கு இவ்வளவு தூரம் விலகி நிக்குதுன்னா என்ன அர்த்தம், வாழ்நாள் பூரா அது இருந்ததே தெரியாம போனவங்க ஏகப்பட்ட பேருன்னுதான் அர்த்தம்.

நான் இந்த மாதிரி கேஸ் வந்தா படத்தப் பாக்குறதுக்கு முன்னாடியே மூணு விஷயம் கேப்பேன். முன்னாடி எப்பவாச்சும் கேன்சர் வந்திருக்கா, ஜுரம் எடை குறையறது இடது பக்க வலின்னு ஏதாவது இருக்கா, பிளட் கவுண்ட் எப்படி இருக்கு. மூணுக்கும் நல்ல பதில் வந்துச்சுன்னா பாதிக் கவலை அப்பவே போயிரும். இத நான் சும்மா ஆறுதலுக்கு சொல்லல, 2018-ல அமெரிக்காவுல பாஸ்டன்லேர்ந்து வந்த ஒரு ஆய்வுல மண்ணீரல்ல கட்டி தெரிஞ்சவங்கள மூணு கூட்டமா பிரிச்சுப் பாத்தாங்க, ஏற்கெனவே கேன்சர் இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு அது கெட்ட கட்டி, வலி ஜுரம்னு தொந்தரவு இருந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல, ஆனா உங்கள மாதிரி எந்தத் தொந்தரவும் இல்லாம வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்து தற்செயலா தெரிஞ்சவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்தான். ஒரே மாதிரி படம், ஆனா ஆள் யாருங்கறத வச்சு அர்த்தம் மாறுது.

அடுத்து ஒரு வேலை பண்ணுங்க, காசு செலவில்லாத வேலை. பீரோ மேல, சூட்கேஸ் அடியில, பழைய ஸ்கேன் கவர் ஏதாவது கிடக்கான்னு தேடுங்க. எப்பவோ கிட்னி கல்லுன்னு எடுத்தது, வயித்துவலின்னு எடுத்தது, எது கிடைச்சாலும் சரி. ரிப்போர்ட்ல மண்ணீரல் நார்மல்னு போட்டிருந்தாலும் ஃபிலிமோட, சிடி ஸ்கேன்னா அந்த டிஸ்கோட, கொண்டு போங்க, ஏன்னா கிட்னி கல்லத் தேடி எடுத்த ஸ்கேன்ல மண்ணீரல் ஓரமா படத்துல விழுந்திருக்கும், அன்னைக்கு யாரும் அத உத்துப் பாத்திருக்க மாட்டாங்க. அதே புள்ளி அதே சைஸ்ல ஒரு வருஷத்துக்கு முன்னாடியும் இருந்துச்சுன்னு தெரிஞ்சா அத்தோட விஷயம் முடிஞ்சுது. எந்தப் புது டெஸ்டும் இவ்வளவு உறுதியா சொல்லாது. ஜனங்க என்னமோ பழைய ஃபிலிம தூக்கிப் போட்டுட்டு புதுசா எம்ஆர்ஐ எடுக்கத்தான் ஓடுறாங்க.

பழசு எதுவும் கிடைக்கலைன்னா கான்ட்ராஸ்ட் (படம் தெளிவா தெரியறதுக்கு நரம்புல ஏத்துற மருந்து) போட்டு சிடியோ எம்ஆர்ஐயோ ஒண்ணு எடுத்துப் பாக்கலாம். என்னக் கேட்டா எம்ஆர்ஐன்னு சொல்லுவேன், ஏன்னா டி2ன்னு ஒரு வரிசைப் படம் உண்டு, அதுல ஹீமான்ஜியோமா நல்லா வெளேர்னு தெரியும், மருந்து போட்டதும் ஓரத்துலேர்ந்தோ ஒரேயடியாவோ நிறைஞ்சு, கடைசி வரைக்கும் மருந்தப் பிடிச்சு வச்சுக்கும். கல்லீரல்ல வர்ற ஹீமான்ஜியோமா மாதிரி பாடப்புத்தக அழகோட மண்ணீரல்ல தெரியாது, அதனால ரிப்போர்ட்ல "இருக்கலாம்"னு எழுதியிருந்தா அத எழுதின டாக்டருக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைச்சுக்காதீங்க. அப்புறம் ஆறு மாசத்துல ஒண்ணு, ஒரு வருஷத்துல ஒண்ணு. வளரலைன்னா விட்டுடலாம்.

வெடிக்கிற கதைக்கு வர்றேன். 1960-கள்ல வந்த ஒரு கட்டுரையில இந்தக் கட்டிங்கள்ல நாலுல ஒண்ணு வெடிக்குதுன்னு எழுதி வச்சுட்டாங்க, அத காப்பி பண்ணி காப்பி பண்ணி இன்னைக்கு நெட் வரைக்கும் வந்திருச்சு. அந்தக் காலத்துல ஸ்கேன் ஏது? பெருசாகி வயித்துல தட்டுப்பட்டதும் ரத்தம் கசிஞ்சு வந்ததும்தான் டாக்டர் கண்ணுல பட்டுச்சு, கணக்கும் அப்படித்தான் வரும். 2000-ல வந்த ஒரு கட்டுரையில அமெரிக்காவோட மேயோ கிளினிக் ஆஸ்பத்திரிக்காரங்க 32 பேரோட கேஸ எடுத்துப் பாத்தாங்க, தானா வெடிச்சது ஒண்ணுகூட இல்ல, பெரும்பாலானவங்களுக்கு தற்செயலாத்தான் தெரிஞ்சிருக்கு, 4 செ.மீ.க்கு கீழ இருந்தா சும்மா பாத்துக்கிட்டே இருக்கலாம்னு எழுதினாங்க. உங்களுது 2.3. ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் எவ்வளவுன்னு மட்டும் ஒருதடவை பாத்துருங்க, ரொம்பப் பெரிய ஹீமான்ஜியோமா பிளேட்லெட்ட தின்னுரும், உங்க சைஸ்ல அது நடக்காது, இருந்தாலும் சிபிசிங்கற ரத்த அணு டெஸ்ட் ஒண்ணும் பெரிய செலவில்ல.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): அப்பா பைக்ல விழுந்துட்டாருன்னு சிடி எடுத்தோம். ஸ்ப்ளீன் முழுக்க கோடு கோடா, திட்டுத் திட்டா இருக்கு, லிம்போமாவா (நிணநீர் கேன்சரா) பாக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. இன்னொரு எடத்துல அதே டிஸ்க பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு சிரிக்கிறாரு. யார நம்புறது?

பதில்: சிரிச்சவர நம்புங்க, அனேகமா.

கான்ட்ராஸ்ட் மருந்து கை நரம்புல ஏத்தின உடனே, 25லேர்ந்து 35 செகண்டுக்குள்ள எடுக்குற படத்துல எல்லாருக்குமே மண்ணீரல் வரிவரியாத்தான் இருக்கும். எங்க ஆளுங்க இதுக்கு வரிக்குதிரை மண்ணீரல்னே பேரு வச்சிருக்கோம். உள்ள ரத்தம் ரெண்டு வேகத்துல ஓடுது, ஒரு வழி சட்டுனு போயிரும், இன்னொண்ணு இண்டு இடுக்குல புகுந்து மெதுவா வரும், மருந்து முதல்ல போன இடம் வெள்ளையா, போகாத இடம் கருப்பா தெரியுது, அவ்வளவுதான். 60, 70 செகண்ட்ல எடுக்குற அடுத்த படத்துல, அதுக்கு போர்ட்டல் வீனஸ் படம்னு பேரு, எல்லாம் சமமாயிரும். அந்த ரெண்டாவது படத்துலயும் திட்டு தெரிஞ்சாத்தான் யோசிக்கணும். விபத்து கேஸ்ல ரத்தக்கசிவு தேடுறதுக்காக முதல் படத்த கண்டிப்பா எடுப்பாங்க, சில சமயம் அது மட்டும் பிரின்ட் ஆகி ஃபிலிம்ல வரும், டிஸ்க திறந்து முழுசா பாக்காதவங்க அத வச்சு பயமுறுத்திருவாங்க. ரெண்டாவது டாக்டர்கிட்ட "போர்ட்டல் வீனஸ் படத்துல நார்மலா சார்?"னு ஒரு வார்த்தை கேளுங்க, ஆமான்னு சொன்னா அப்பாவுக்கு கை கால் அடியத் தவிர வேற ஒண்ணுமில்ல.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): மண்ணீரல் கட்டிய கரைக்க ஏதாவது கஷாயம் இருக்கா?

பதில்: இல்லம்மா. தானா வளராம இருக்குற கட்டிக்கு கஷாயம் குடிச்சுட்டு அதனாலதான் வளரலைன்னு சொல்ற வீடியோ நிறைய இருக்கு.

கேள்வி (வாசகர், சேலம்): அத்தைக்கு சிடியில மண்ணீரல் பக்கத்துல 1.5 செ.மீ. உருண்டை, கட்டியான்னு பயமா இருக்கு.

பதில்: பத்துல ஒருத்தருக்காவது குட்டி மண்ணீரல் ஒண்ணு கூடவே பொறக்குது, அதுவாத்தான் இருக்கும். எல்லாப் படத்துலயும் தாய் மண்ணீரல் என்ன நிறமோ அதே நிறத்துல குட்டியும் இருக்கணும், அதுதான் அடையாளம். கணையத்தோட வால் பகுதிக்குள்ள போய் உக்காந்திருந்தா மட்டும் கணையக் கட்டியோன்னு குழப்பம் வரும், அப்ப நோயாளியோட சிவப்பணுவையே எடுத்து லேசா சூடு பண்ணி ரேடியோ மருந்து ஏத்தித் திருப்பி உடம்புக்குள்ள விடுற ஒரு நியூக்ளியர் ஸ்கேன் இருக்கு, அடிபட்ட சிவப்பணுவ மண்ணீரல் திசு ஓடி வந்து பிடிச்சுக்கும், குட்டியும் பிடிச்சா சந்தேகம் தீந்துது. எல்லாருக்கும் இது தேவைப்படாது.

கேள்வி (பெயர் வேண்டாம், மதுரை): கணவருக்கு மண்ணீரல்ல 5 செ.மீ. கட்டி, என்னன்னு ஸ்கேன்ல சொல்ல முடியலையாம். பயாப்ஸி எடுங்கன்னு நாங்க கேட்டா சர்ஜன் மாட்டேங்கிறாரு, ரத்தம் நிக்காதுன்னு சொல்றாரு. சொந்தக்காரங்க ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்க. அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

பதில்: ரெண்டு பயமும் முழுப் பொய் இல்ல, ஆனா ரெண்டுமே அளவுக்கு மீறினது.

ரத்தக்கசிவு விஷயம். உலகம் பூரா வந்த மண்ணீரல் பயாப்ஸி ஆய்வுகள ஒண்ணா சேத்து 2011-ல கணக்கு போட்டாங்க, பெரிய சிக்கல் வந்தது நூத்துக்கு ரெண்டு பேருக்கு சொச்சம், 18 கேஜ் அல்லது அதவிட மெல்லிசான ஊசி உபயோகிச்சவங்கள்ல அது இன்னும் குறைஞ்சு ஒண்ணு சொச்சம். கல்லீரல், கிட்னி பயாப்ஸியோட வச்சுப் பாத்தா பெரிய வித்தியாசமில்ல. ஆனா இது ஸ்கேன் பாத்துக்கிட்டே ஊசி விடத் தெரிஞ்ச கை, பிளேட்லெட்டும், ரத்தம் உறையுற நேரத்தப் பாக்குற பிடி-ஐஎன்ஆரும் சரியா இருக்குற நோயாளி, ராத்திரி ரத்தம் கசிஞ்சா உடனே அடைக்கிற வசதி, இது மூணும் இருக்குற இடத்து கணக்கு. உங்க சர்ஜன் இருக்குற ஊர்ல அந்த வசதி இல்லைன்னா அவரு சொல்றதுல நியாயம் இருக்கு.

ஆனா உண்மையான சங்கடம் வேற. பயாப்ஸி எதுக்கு நல்லா வேலை செய்யும்னா லிம்போமா, வேற உறுப்புலேர்ந்து பரவின கேன்சர், டிபி, இதுக்கெல்லாம். ரத்தக்குழாய் கட்டிக்கு ஊசி நுனியில வர்ற நூல் அளவு திசு பத்தாது. ஹீமான்ஜியோமாவா, ஹமார்டோமாவா, லிட்டோரல் செல் ஆஞ்சியோமாவா, இல்ல ஆஞ்சியோசார்க்கோமாங்கற கெட்டதா, இது எல்லாத்துலயும் ரத்தக்குழாய்தான் இருக்கு, கட்டியோட ஒட்டுமொத்த அமைப்பையும் பாத்தாத்தான் பெத்தாலஜி டாக்டர் பேர் சொல்ல முடியும். ஆஞ்சியோசார்க்கோமா ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா அது வேகமா பரவும், கட்டி ஒடைஞ்சா வயிறு பூரா சிதறும், அந்த ஒண்ணுக்கு பயந்துதான் பல சர்ஜன்கள் சந்தேகமா வேகமா வளர்ற கட்டின்னா முழு மண்ணீரலயே எடுத்து அனுப்பிடலாம்னு நினைக்கிறாங்க. அப்புறம் நாய், ஆடு வளர்க்குற வீடா, கட்டிக்குள்ள தண்ணியும் குட்டிக் குட்டி அறையும் தெரியுதான்னு பாக்கணும், ஹைடாடிட்னு ஒரு புழு கட்டி உண்டு, அதுல தெரியாம ஊசி குத்தினா உடம்பு பூரா அலர்ஜி ஷாக் வந்துரும், அதுக்கு முதல்ல ரத்த டெஸ்ட்.

நீங்க கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: "சார், எம்ஆர்ஐ பாத்தாச்சா, பெட்-சிடி பிரயோஜனப்படுமா, இதெல்லாம் முடிஞ்சும் சந்தேகம்னா பயாப்ஸியா ஆபரேஷனா?" பெட்-சிடின்னா ரேடியோ சர்க்கரை ஏத்தி, அத அதிகமா இழுத்துக்குற திசுவ ஒளிர வச்சுக் காட்டுற ஸ்கேன், அப்படி ஒளிர்றதத்தான் எரியுதுன்னு சொல்லுவோம். 5 செ.மீ.ன்னு மட்டும் வச்சு நான் இங்கேர்ந்து முடிவு சொல்ல முடியாது. ஆனா ஆபரேஷன்னு முடிவானா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, லேப்ராஸ்கோப்பில பொதுவா மண்ணீரல பைக்குள்ள போட்டு உள்ளயே ஒடைச்சு சின்னத் துளை வழியா எடுப்பாங்க, கட்டிக்காக எடுக்குறப்ப ஒடைக்கக்கூடாது, தழும்பு கொஞ்சம் பெருசானாலும் பரவாயில்ல, முழுசா எடுத்தாத்தான் பெத்தாலஜிக்கு பிரயோஜனம். நல்ல சர்ஜனுக்கு இது தெரியும், நீங்க கேட்டா கோவிச்சுக்க மாட்டாரு.

கேள்வி (வாசகர், திருச்சி): அம்மாவுக்கு ஆறு வருஷம் முன்னாடி மார்பகக் கேன்சர், டிரீட்மென்ட் முடிஞ்சு நல்லா இருக்காங்க. இந்த வருஷ சிடியில மண்ணீரல்ல புதுசா 1.8 செ.மீ. புள்ளி. சும்மா பாத்துக்கிட்டே இருக்கலாமா?

பதில்: கூடாது தம்பி. திருப்பூர் அம்மாவுக்கு சொன்ன பதில் உங்க அம்மாவுக்குப் பொருந்தாது. பழைய கேன்சர் இருக்கு, போன வருஷப் படத்துல இல்லாதது இந்த வருஷம் வந்திருக்கு, 1 செ.மீ.க்கு மேல இருக்கு. அப்படின்னா பெட்-சிடி இல்லைன்னா பயாப்ஸி, கேன்சர் டாக்டர்கிட்ட இந்த வாரமே பேசிடுங்க. ஆனா பரவிருச்சுன்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. மண்ணீரலுக்கு கேன்சர் பரவுறப்ப பெரும்பாலும் கல்லீரல், எலும்பு, நுரையீரல்னு வேற இடத்துலயும் தெரியும், அங்க எல்லாம் சுத்தமா இருந்து மண்ணீரல்ல மட்டும் ஒத்தப் புள்ளின்னா அது சாதா கட்டியா இருக்குறதுக்கும் நிறைய வாய்ப்பு இருக்கு. பெட்ல எரியலைன்னா பெரிய நிம்மதி. எரிஞ்சாலும் கேன்சர்தான்னு அர்த்தமில்ல, டிபி எரியும், சார்க்காய்டோசிஸ்ங்கற அழற்சி வியாதி எரியும், பின்னாடி சொல்லப் போற சான்ட்ங்கற சாதா கட்டியும் எரியும். எரிஞ்சா ஊசி போட்டுப் பாத்தே ஆகணும்.

கேள்வி (வாசகர், வேலூர்): தம்பிக்கு மூணு வாரமா சாயங்கால ஜுரம், எடை 6 கிலோ குறைஞ்சிருக்கு. ஸ்கேன்ல மண்ணீரல்ல சின்னச் சின்னதா நிறைய புள்ளி. மல்டிபிள் ஹீமான்ஜியோமான்னு போட்டிருக்கு, பயப்பட வேண்டாம்னு சொன்னாங்க.

பதில்: இத இன்னைக்கே இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஜுரம், எடை குறைவு, நிறைய சின்னப் புள்ளி, இந்த மூணும் சேந்து வந்தா நம்ம நாட்டுல முதல்ல டிபி, அப்புறம் லிம்போமா, சுகர் இருக்குறவங்களுக்கு மெலியாய்டோசிஸ்னு ஒரு மண் கிருமி. ஹீமான்ஜியோமாவுக்கு சாயங்கால ஜுரம் வராது. பிளட் கல்ச்சர், எச்ஐவி, எல்டிஎச், நெஞ்சுக்கு சிடி, எங்கயாவது நெறி கட்டியிருந்தா அதுலேர்ந்து பயாப்ஸி, ஏன்னா கழுத்து நெறியில குத்துறது மண்ணீரல்ல குத்துறதவிட ரொம்ப சுலபம். பழைய ஸ்கேன் தேடி உக்காந்துக்கிட்டு இருக்காதீங்க.

கேள்வி (வாசகி, காரைக்குடி): அக்காவுக்கு 7 செ.மீ. கட்டின்னு மண்ணீரல எடுத்துட்டாங்க. பெத்தாலஜி ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆச்சு, ஸ்க்லிரோசிங் ஆஞ்சியோமட்டாய்டு நோடுலர் டிரான்ஸ்ஃபர்மேஷன்னு போட்டிருக்கு. படிக்கவே வாய் கோணுது. இது கேன்சரா இல்லையான்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க.

பதில்: இல்ல.

சுருக்கி சான்ட்னு சொல்லுவோம். 2004-லதான் இதுக்கு இந்தப் பேரே வந்துச்சு, 25 பேரோட மண்ணீரல வச்சு எழுதின கட்டுரை, அதுல பெண்கள்தான் அதிகம். அதுக்கு முன்னாடி இதையே ஹமார்டோமா, ஹீமான்ஜியோமா, இன்ஃப்ளமேட்டரி சூடோட்யூமர்னு ஆளுக்கொரு பேர்ல எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க. ரத்தக்குழாய் முடிச்சு முடிச்சா சேந்து, நடுவுல தழும்பு மாதிரி நார் ஓடியிருக்கும், அறுத்துப் பாத்தா கறுஞ்சிவப்பு உருண்டைங்களுக்கு நடுவுல வெள்ளை நட்சத்திரம் மாதிரி தழும்பு. ஸ்கேன்ல மருந்து போட்டா ஓரத்துலேர்ந்து நடுவ நோக்கி சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி கோடு வரும், எம்ஆர்ஐயில டி2 படத்துல ஹீமான்ஜியோமாவுக்கு நேர் எதிரா இருட்டா இருக்கும், நாரும் பழைய ரத்தத்து இரும்பும் உள்ள இருக்குறதால. இந்த ரெண்டும் தெளிவா தெரிஞ்சா இப்ப சில இடத்துல ஆபரேஷன் பண்ணாமலே பாத்துக்கிட்டு இருக்காங்க, ஆனா பெட்ல எரியுறதால பல பேருக்கு கேன்சர்னு பயந்து எடுத்துடுறதுதான் நடக்குது. உங்க அக்காவுக்கு 7 செ.மீ., எடுத்ததுல தப்பே இல்ல.

மூணு வாரம் ஏன்னு கேட்டா, சாதா ஸ்லைடுல பாத்து இத சொல்ல முடியாது. இம்யூனோ ஸ்டெயின்னு ஒவ்வொரு செல் மேலயும் ஒட்டுற சாயம் போட்டுப் பாக்கணும். சிடி31, சிடி34, சிடி8னு நம்பர் இருக்கும் (ஸ்கேன் சிடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல). சான்ட்ல மூணு விதமான குழாய் கலந்து இருக்கும், ஒவ்வொண்ணும் வேற வேற நம்பர்ல ஒட்டும், இந்தக் கலவைதான் முத்திரை. ஹமார்டோமான்னா சிடி8 பூராவும் ஒட்டும், அது மண்ணீரலோட சொந்த திசுவே தாறுமாறா வளந்தது, 1861-லயே ரோகிடான்ஸ்கின்னு வியன்னா பெத்தாலஜிஸ்ட் எழுதி வச்சுட்டுப் போனது, சிடியில சுத்தி இருக்குற மண்ணீரல் நிறத்துலயே இருந்து ஓரம் லேசா புடைச்சிருக்குறத வச்சுத்தான் சந்தேகமே வரும். சாதா ஹீமான்ஜியோமாவுல சிடி34 ஒட்டும், சிடி8 ஒட்டாது. ரிப்போர்ட்டோட ஸ்லைடும், திசுவ மெழுகுல பதிச்சு வச்ச பாரஃபின் பிளாக்கும் கேட்டு வாங்கி வச்சுக்கங்க, நாளைக்கு யாராவது செகண்ட் ஒப்பினியன் பாக்கணும்னா வெறும் பேப்பர் உதவாது.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): எனக்கு 51. மண்ணீரல் பெருசாகி பிளேட்லெட் 70 ஆயிரத்துக்கு எறங்கிருச்சு, உள்ள நிறைய முடிச்சு. எடுத்துப் பாத்ததுல லிட்டோரல் செல் ஆஞ்சியோமா. பினைன்தான்னு (கேன்சர் இல்லைன்னு) சொல்லிட்டு கொலோனோஸ்கோப்பி, சிடி செஸ்ட் எல்லாம் எழுதிக் குடுக்குறாங்க. பினைன்னா எதுக்கு இத்தனை டெஸ்ட்?

பதில்: நியாயமான எரிச்சல், ஆனா எழுதிக் குடுத்தவரு சரியாத்தான் எழுதியிருக்காரு.

மண்ணீரலுக்குள்ள ரத்தம் தேங்கி ஓடுற வாய்க்கால்களோட சுவர்ல இருக்குற செல்தான் லிட்டோரல் செல், உடம்புல வேற எங்கயும் இந்தக் கட்டி வராது. 1991-லதான் இதத் தனியா பிரிச்சு எழுதினாங்க. இந்த செல்லுக்கு ரெட்டை வேஷம், ரத்தக்குழாய் சுவராவும் இருக்கும், கிருமிய விழுங்குற செல்லாவும் இருக்கும், அதனாலதான் ஸ்டெயின்ல சிடி31-ம் ஒட்டும், விழுங்கு செல்லுக்கான சிடி68, சிடி163-ம் ஒட்டும், சிடி8 சிடி34 ரெண்டும் ஒட்டாது. உங்க ரிப்போர்ட்ல அந்த வரியப் பாருங்க, இதேதான் இருக்கும்.

கட்டி சாதுதான். ஆனா இந்தக் கட்டி இருக்குறவங்கள்ல கணிசமானவங்களுக்கு உடம்புல வேற எங்கயாவது ஒரு கேன்சர், குடல்ல, கிட்னியில, நுரையீரல்ல, லிம்போமான்னு, கூட இருந்திருக்கு, க்ரான்ஸ்ங்கற குடல் அழற்சி மாதிரி ஆட்டோஇம்யூன் வியாதியும் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பத் தாக்குறது) இருந்திருக்கு. ஒண்ணு இன்னொண்ண உண்டாக்குதான்னு யாரும் நிரூபிக்கல. 51 வயசுல கொலோனோஸ்கோப்பி எப்படியும் பண்ணிக்க வேண்டியதுதான், இத சாக்கா வச்சு முடிச்சுருங்க. வருஷா வருஷம் ஒரு செக்கப்ப விடாதீங்க. பிளேட்லெட் இந்நேரம் ஏறியிருக்கணும், ஆபரேஷன் முடிஞ்சு தாறுமாறா ஏறுறதும் உண்டு, அப்ப வயிறு வலிச்சா கல்லீரலுக்குப் போற போர்ட்டல் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கான்னு டாப்ளர் ஸ்கேன் பாக்கணும்.

கேள்வி (வாசகி, திருநெல்வேலி): பையனுக்கு 8 வயசு, மண்ணீரல்ல நிறைய தண்ணிக் கட்டி, லிம்ஃபான்ஜியோமான்னு சொல்றாங்க. மண்ணீரலயே எடுக்கணும்னு சொன்னாங்க, மனசு கேக்கல.

பதில்: மனசு கேக்காததுல தப்பில்லம்மா. லிம்ஃபான்ஜியோமா பிறவியிலேயே நிணநீர் குழாய் சரியா அமையாம வீங்கி நிக்கிறது, அதனாலதான் குழந்தைங்கள்ட்டதான் பெரும்பாலும் தெரியவருது, பெரும்பாலும் மண்ணீரல் தோலுக்கு அடியில கொத்தா இருக்கும், மருந்து போட்டாலும் உள்ள எறங்காது. ஸ்கேன்லயே ஓரளவு உறுதியா சொல்லிடலாம். சின்னதா இருந்து தொந்தரவு இல்லைன்னா பாத்துக்கிட்டே இருக்கலாம். சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சுபோற மாதிரி, வலி, ரத்தக்கசிவுன்னா ஆபரேஷன், அப்பவும் கட்டி ஒரு பக்கமா இருந்தா அந்தப் பாதிய மட்டும் எடுக்குறது உண்டு, கால்வாசி மண்ணீரல் மிஞ்சினாலே கிருமிய வடிகட்ட ஓரளவு போதும். குழந்தைங்க சர்ஜன் ஒருத்தர்ட்ட "பாதி எடுக்க முடியுமா"ன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் கபடி, சைக்கிள் ஸ்டன்ட் வேண்டாம், வயித்துல அடிபடக்கூடாது.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): நாலு வருஷம் முன்னாடி ஹமார்டோமான்னு மண்ணீரல எடுத்துட்டாங்க. நல்லாதான் இருக்கேன். டிஸ்சார்ஜ் சம்மரியில தடுப்பூசி பத்தி ஒரு வரி இருந்துச்சு, யாரும் எடுத்து சொல்லல, போடவும் இல்ல. இப்ப போட்டா பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு, தள்ளிப்போடாதீங்க. நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் (ஹீமோஃபிலஸ்ங்கற கிருமிக்கானது), இந்த மூணு ஊசியும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி. திட்டம் போட்டு எடுக்குற ஆபரேஷன்னா குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடியே போட்டிருக்கணும், அவசரமா எடுத்தா ரெண்டு வாரம் கழிச்சு, விட்டுப்போனா எப்ப ஞாபகம் வருதோ அப்ப. நிமோகாக்கல் எந்த வகை, எத்தனை டோஸ், மெனிஞ்சோகாக்கல் எப்ப திரும்பப் போடணும்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கங்க.

ஊசியவிட முக்கியம் ஜுரம். மண்ணீரல் இல்லாதவங்களுக்கு சில கிருமி ரத்தத்துல ஏறினா காலையில குளிர் ஜுரம், ராத்திரிக்குள்ள ஐசியூ, அவ்வளவு வேகம். முதல் ரெண்டு மூணு வருஷத்துல இந்த ஆபத்து அதிகம், ஆனா ஆயுசு பூரா போகாது. அதனால ஜுரம் நடுக்கத்தோட வந்தா பாராசிட்டமால் போட்டுப் படுக்கக்கூடாது, டாக்டர் முன்கூட்டியே எழுதிக் குடுத்த ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ வாயில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும், கேஷுவால்டியில நுழைஞ்சதும் முதல் வார்த்தையா "எனக்கு மண்ணீரல் இல்ல"ன்னு சொல்லணும். நாய் கடிச்சா ரேபிஸ் ஊசி போட்டாச்சேன்னு விட்டுடாதீங்க, நாய் எச்சில்ல இருக்குற ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவங்கள மோசமா தாக்கும், அதுக்கு ஆன்டிபயாட்டிக் தனியா வேணும். மலேரியா இருக்குற பக்கம் வேலைக்கு, டூர் போறதா இருந்தா முன்னாடியே டாக்டர்ட்ட கேட்டு மாத்திரை எடுத்துக்கங்க. பர்ஸ்ல, ஆதார் கார்டுக்குப் பின்னாடி, மண்ணீரல் எடுத்த தேதியும் போட்ட ஊசி விவரமும் எழுதி ஒரு சீட்டு வச்சுக்கங்க, போன்ல மட்டும் வச்சா லாக் திறக்க ஆள் தேடணும்.